தவளை கத்தாத குழி

மானேஜர் பங்களாவின் முன் வராந்தாவில் ஒரு மேசை. மேசைமேல் வாயகன்ற இரண்டு கண்ணாடி பாட்டில்கள். இரண்டிலும் முக்கால் அளவு தண்ணீர். இரண்டிலும் பத்துப் பத்துத் தலைப்பிரட்டைகள், வாலை ஆட்டிக்கொண்டு, கண்ணாடியை முட்டிக்கொண்டு.

அந்தப் பக்கம் நாற்காலியில் மானேஜர். இந்தப் பக்கம் நான், நின்றபடி. எங்கள் இருவருக்கும் நடுவே டிஸ்பென்சரியின் வெளிநோயாளி ரிஜிஸ்டர் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் பேச்சியம்மாள் என்ற பெயருக்கு நேரே ‘காரணம்’ என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"எந்தா கம்பவுண்டர் இது? மீன் வளர்த்தப் போறியோ?"

"மீனில்லீங்க, தவளைக் குஞ்சுங்க. ஒரு மணி நேரம் பார்த்துட்டு இருங்க. அப்புறம் அந்தக் கட்டத்தை நானே ரொப்பிக் குடுத்தர்றேனுங்க."

மானேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே கால்.

அவர் ஒரு மணி நேரம் பொறுப்பார், பொறுக்காமல் எங்கே போய்விடுவார் என்ற தைரியம் எனக்கு இருந்தது. அந்த வயதில் எனக்குத் தைரியத்துக்குக் குறைவே இல்லை. சொல்லப்போனால் இந்த வாரக் கதையில் நடந்த கேடு முழுவதும் அந்தத் தைரியத்தால் வந்ததுதான்.

போன வாரம் அட்டைக்கடிக்குப் புகையிலைத் தண்ணீர் தடவியதை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு போடியிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். "நீங்கள் குணப்படுத்திய கதையை எல்லாம் எழுதுகிறீர்கள். நீங்கள் நோயாக்கிய கதை ஒன்றும் கிடையாதா?" என்று கேட்கிறார். குசும்பு பிடித்த மனிதர். இருக்கிறது ஐயா, படியுங்கள்.

மண்ணெடுத்த இடம்

எழுபதுகளின் நடுப்பகுதி. கம்பம்மெட்டிலிருந்து சில மைல் உள்ளே ஓர் ஏலத்தோட்டம். அங்கே நான் கம்பவுண்டர். டாக்டர் மாதம் ஒரு முறை ஜீப்பில் வந்து ரிஜிஸ்டரில் பச்சை மையால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாட்களில் அறுபது வீட்டுக்கும் டாக்டர் நான்தான்.

தோட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு பெரிய வளைவு. எப்போதோ ரோட்டை அகலப்படுத்தியபோது அந்த வளைவில் மண்ணும் கல்லும் எடுத்திருக்கிறார்கள். எடுத்தவர்கள் மூடாமல் போய்விட்டார்கள். மழை வந்து நிரப்பிவிட்டது. ரோட்டை ஒட்டி வரிசையாக மூன்று குழிகள். யாரும் வெட்ட நினைக்காமல் வெட்டிய மூன்று குளங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் குழி லாரிக்காரர்களுக்கு. வெள்ளிக்கிழமை ஆனால் லாரியை அதில் பாதி இறக்கி, சக்கரம் வரை கழுவி, பூப்போட்டுக் கிளம்புவார்கள். பழைய எஞ்சின் ஆயிலைக் கொட்டுவதும் அதில்தான். வெயில் பட்டால் மேலே ஏழு நிறமும் தெரியும். அதில் ஒரு கொசுப்புழுகூட இருக்காது.

இரண்டாம் குழி குளிக்க, துவைக்க. சோப்பு நுரை எந்நேரமும் கரையில் ஒதுங்கியிருக்கும். ஆனாலும் ஒரு பக்கம் கோரைப்புல் இருந்தது. அந்த மூலையில் மட்டும் கொஞ்சம் தவளைகள் பிடிவாதமாகக் குடித்தனம் நடத்தின.

மூன்றாம் குழிதான் குழி. அடியில் ஊற்று. ஓரத்தில் காட்டுமரம் ஒன்று குழியின் மேல் சாய்ந்திருக்கும். கோடையில் லயத்துக் குழாய், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின் குழாய், வறண்டு போனால், அறுபது வீட்டுக்கும் குடிதண்ணீர் அங்கிருந்துதான். முதல் கோடை மழை பெய்த மறுநாள் அதில் தவளைகள் போடும் சத்தத்தில், ரோட்டில் போகிறவர் பக்கத்தில் வருகிறவரிடம் கத்தித்தான் பேச வேண்டும்.

நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரிலும் பொள்ளாச்சி ரோட்டை ஒட்டி மண்ணெடுத்த பள்ளங்கள் உண்டு. மழை பெய்தால் அங்கேயும் இதே கச்சேரிதான். ஆனால் அங்கே எங்களுக்குத் தோட்டத்தில் கிணறு இருந்தது. பள்ளத்துத் தண்ணீரை எருமை குடிக்கும், நாங்கள் குடிக்க மாட்டோம். இந்தப் பெருமையையும் பெட்டியில் வைத்துத்தான் நான் மலையேறியிருந்தேன்.

பேச்சியின் பாட்டில்

மூன்றாம் குழிக்கு எதிரே, ரோட்டின் மறுபுறம் பேச்சியம்மாளின் டீக்கடை. தகரக் கூரை, ஒரு பெஞ்சு, ஒரு பாய்லர். பேச்சிக்கு என் வயதுதான் இருக்கும். புருஷன் கம்பத்தில் மாட்டுவண்டி ஓட்டினார். மாதத்துக்கு ஒரு தடவை மேலே வருவார், அதுவும் இவளிடம் திட்டு வாங்கிக்கொண்டு போவதற்கு வருவது போல இருக்கும். கடைதான் அவளுக்குச் சோறு.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில், காலை டீ குடிக்கப் போனபோது பலகையில் ஒரு பாட்டிலைப் பார்த்தேன். தண்ணீருக்குள் ஏழெட்டுத் தலைப்பிரட்டைகள்.

"ஏனுங்க, இது என்னங்க?"

"என்னது, கண்ணு தெரியலையா கம்பவுண்டரே? தலப்பெரட்ட."

"அது தெரியுதுங்க. டீக்கடையில எதுக்குங்க?"

"காலையில கொடத்துல மொண்ட தண்ணி. அதுல கொஞ்சம் ஊத்தி, இதுகள விட்டு வச்சிருக்கேன். நான் அடுப்பு மூட்டி, பால் காச்சி முடிக்கிற வரைக்கும் துள்ளிக்கிட்டு இருந்துச்சுன்னா, அந்தத் தண்ணி பாய்லருக்குப் போகும். சொணங்கிக் கெடந்துச்சுன்னா கொடத்தோட கவுத்துருவேன்."

எனக்கு அன்று டீ இறங்கவில்லை. கிருமியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். காலரா, டைபாய்டு, வயிற்றுக்கடுப்பு என்று பாடப்புத்தகத்தில் இருந்த அத்தனையையும் அவள் பலகைமேல் கொட்டினேன். பேச்சி பொறுமையாகக் கேட்டாள்.

"அதான் கொதிக்க வைக்கிறேன்ல? கொதிச்சாச் சாகாதது எதும் இருந்தா, அத இதுக சொல்லும். நீக டீயக் குடிங்க."

அவள் சொன்னது எவ்வளவு சரி என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. தலைப்பிரட்டைக்குக் கிருமியைப் பற்றித் தெரியாது, விஷத்தைப் பற்றித் தெரியும். எனக்குக் கிருமியைத் தெரியும், விஷத்தைத் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து வேலை பார்த்திருந்தால் அந்தத் தோட்டத்துக்கு நல்ல ஆஸ்பத்திரியாக இருந்திருப்போம்.

கல்பாத்தி ஆமை

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மனசாட்சி உறுத்தும். கம்பவுண்டர் படிப்புக்காக நான் பாலக்காட்டில் இருந்தபோது கல்பாத்தியில் ஒரு வக்கீல் குமாஸ்தா வீட்டின் பின்கட்டில் குடியிருந்தேன். என்னைவிட நாலைந்து வயதுதான் அவருக்கு அதிகம். வீட்டுக் கிணற்றில் ஓர் ஆமை இருந்தது. தட்டு அளவு இருக்கும். வாளி இறங்கினால் ஓரமாக விலகி வழிவிடும்.

"ஏனுங்க சார், இந்த ஆமையப் புடிச்சு ஆத்துல விட்டரலாமுங்களா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அவர் பூணூலை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "விட்டுட்டு? நாளைக்கு ஜலத்துல ஏதானும் விழுந்து கெட்டுதுன்னா, நீர் வந்து உள்ள நீந்திக் காட்டுவீரா?"

இரண்டு வருஷம் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தேன். தேர்த் திருவிழாவுக்கு வந்த கூட்டமெல்லாம் அதைத்தான் குடித்தது. ஒரு காய்ச்சல் வரவில்லை. ஆனால் மலையேறி, வெள்ளைக் கோட்டு மாட்டியதும் அந்த ஆமையைச் சுத்தமாக மறந்துவிட்டேன். படித்தவன் மறதி தனி ரகம்.

வெள்ளைப் பொடி

மானேஜருக்குப் பேச்சியின் கடை ஆகாது. பெஞ்சில் உட்கார்ந்து தொழிலாளிகள் பேசுகிறார்கள், பேசினால் யூனியன் வளர்கிறது, யூனியன் வளர்ந்தால் இவருக்குத் தூக்கம் போகிறது. கடை இருக்கும் இடம் தோட்டத்துக்குச் சொந்தம். அங்கிருந்து கடையை அப்புறப்படுத்த ஒரு காரணம்தான் வேண்டியிருந்தது.

அந்த ஏப்ரலில் என்னைக் கூப்பிட்டார். தண்ணீருக்கு வெள்ளம், கையெழுத்துக்கு ஒப்பு, போதும் என்பதற்கு மதி என்று மலையாளம் கலந்துதான் பேசுவார். "ஆ பெண்ணு தவளை வெள்ளத்துலயாணு சாயா போடறது. சுகாதாரக் கேடுன்னு எழுதி ஒரு ஒப்பு போட்டா மதி. பாக்கி ஞான் பார்த்துக்கறேன்."

எனக்கு அந்தக் கடை வேண்டும். மலையில் வேறு எங்கே அப்படி ஒரு டீ? பேச்சியின் பிழைப்பு போவதிலும் எனக்கு இஷ்டமில்லை. அதனால் கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். "பத்து நாள் டைம் குடுங்க சார். அந்தக் குழியையே சுத்தம் பண்ணிட்டு, சுத்தம்னு எழுதிக் குடுத்தர்றேனுங்க" என்றேன்.

மறுநாள் இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாம் குழியின் கோரையை அறுத்தோம். சாய்ந்த மரக்கிளையில் வெள்ளை வெள்ளையாக நுரை உருண்டைகள் தொங்கின. யாரோ துப்பி வைத்தது போல அசிங்கமாக இருக்கிறதே என்று கிளையை வெட்டச் சொன்னேன். அது மரத்தவளை முட்டையிட்ட கூடு என்பது எனக்குத் தெரியாது. பிறகு பிளீச்சிங் பவுடர் வாளி வாளியாக.

சாயங்காலம் தண்ணீர் மேல் கறுப்பாக ஒரு படலம். கிட்டப் போய்ப் பார்த்தால் அத்தனையும் தலைப்பிரட்டை, வயிற்றைக் காட்டிக்கொண்டு. பெரிய தவளைகள் தண்ணீரை விட்டு ரோட்டில் ஏறிவிட்டன. ஏல மூட்டை ஏற்றிய லாரிகள் வரிசையாக வந்தன. மறுநாள் தார் ரோட்டில் அவற்றின் தோல்தான் ஒட்டிக் கிடந்தது.

வலை போட்டு அரித்து அள்ளினோம். ஐந்தாறு நாளில் வாசனை போய்த் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம். எனக்கு என்னை நினைத்தே பெருமையாக இருந்தது.

பேச்சி ரோட்டைத் தாண்டி வந்து குழியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணுகூட இல்லையே கம்பவுண்டரே. இனிமே எத வச்சுத் தண்ணியப் பாக்க?"

நான் சொன்ன பதிலை இன்றைக்கு எழுதும்போதும் காது சுடுகிறது. "என்ற கையெழுத்த வச்சுப் பாருங்க" என்றேன்.

‘குடிக்கத் தகுந்தது’ என்று எழுதிக் கையெழுத்திட்ட தாளை அவள் கடைத் தகரத்தில் நானே ஒட்டினேன். மானேஜருக்கு வாய் அடைத்தது. கடை தப்பியது. பலகையில் இருந்த பாட்டிலில் பேச்சி வறுகடலை போட்டு வைத்தாள்.

கையெழுத்து மிதக்காது

மே மாதத்தில் ஒரு காலை. டிஸ்பென்சரிக் கதவைத் திறப்பதற்குள் நான்கு பேர் பேச்சியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாந்தி. கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. கண் ஒரு நிலையில் நிற்கவில்லை. பின்னாலேயே இரண்டு தொழிலாளிகள், ஒரு லாரி கிளீனர். அவர்களுக்கு வாந்தியும் தலைச்சுற்றலும் மட்டும்.

பேச்சிக்கு ஒரு பழக்கம். பாய்லரிலிருந்து இறங்கும் முதல் டீயை அவள்தான் குடிப்பாள். தான் குடித்துப் பார்க்காததை அடுத்தவனுக்குக் கொடுக்க மாட்டாள். அன்றைக்கு முதல் டீயும் இரண்டாவது டீயும் அவளே குடித்திருந்தாள், ஏதோ கசக்கிறதே என்று.

முதலில் காலரா என்றுதான் நினைத்தேன். ஆனால் வலிப்பைப் பார்த்ததும் வேறு சந்தேகம் வந்தது. அவள் சேலையில் பட்ட வாந்தியில் ஒரு நாற்றம். எனக்குத் தெரிந்த நாற்றம். ஏலச்செடிக்குப் பேன் விழுந்தால் அடிக்கிற பூச்சி மருந்தின் நாற்றம். நல்லவேளை, அந்த வருஷம் லயத்துக் குழாய் இன்னும் வறளவில்லை, குழியில் மொள்ளுகிறவள் பேச்சி மட்டும்தான்.

ஜீப் பிடித்து அவளைக் கம்பத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அந்த இறக்கத்தில் ஜீப் மறைகிறவரைக்கும் நின்றேன். பயந்தேன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். வாழ்க்கையில் அப்படி ஒரு பயம் எனக்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

பேச்சி பிழைத்தாள். நாலாம் நாள் பார்க்கப் போனேன். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். குரல் மட்டும் பழைய குரல்.

"நாட்டு மருந்து குடுக்கிறவன் பேச்சக் கேட்டிருந்தாக்கூட இப்படி வந்து படுத்திருக்க மாட்டேன்."

"தப்புத்தானுங்க."

"தலப்பெரட்டையா இருந்தா செத்து மெதந்து காட்டியிருக்கும். ஒங்க கையெழுத்து தகரத்துல அப்படியே இருந்துச்சே கம்பவுண்டரே. ஒரு எழுத்துகூட அசையலையே."

நான் வாங்கிப்போன ஆரஞ்சுப் பழத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மலைக்குத் திரும்பியபோது மானேஜர் காத்திருந்தார். ரிஜிஸ்டரில் பேச்சியின் பெயருக்கு நேரே, காரணம் என்ற கட்டத்தில், ‘டீக்கடையின் அசுத்தமான தண்ணீர்’ என்று எழுத வேண்டும். நாளைக் காலைக்குள் எழுத வேண்டும். எழுதினால் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் தகரத்தைப் பிரித்துவிடலாம். பூச்சி மருந்து என்று ஒரு வார்த்தை வெளியே போகாது. நான் ஒட்டிய தாளைப் பற்றியும் யாரும் கேட்க மாட்டார்கள்.

"தனக்கும் நல்லது, தோட்டத்துக்கும் நல்லது" என்றார். தனக்கு என்று அவர் சொன்னது என்னை. உண்மைதான். பேச்சி ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் நல்லது.

பத்தே கால் முதல் பதினொன்றே கால் வரை

விடிந்ததும் இரண்டாம் குழிக்குப் போனேன். கோரை மூலையில் முழங்கால் தண்ணீரில் நின்று, வடிகட்டித் துணியால் தலைப்பிரட்டைகளை அரித்தேன். துவைக்க வந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். முதலில் டிஸ்பென்சரியில் வைத்து ஒரு முறை சோதித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் பங்களாவுக்குக் கிளம்பினேன். அதனால்தான் ஆரம்பத்தில் சொன்ன அந்தத் தைரியம்.

இடது பாட்டிலில் இரண்டாம் குழித் தண்ணீர், சோப்பு நுரை படிந்தது, கலங்கல். வலது பாட்டிலில் மூன்றாம் குழித் தண்ணீர், கண்ணாடி மாதிரித் தெளிந்தது.

"இதுல எதுங்க சார் சுத்தம்?" என்று கேட்டேன்.

மானேஜர் யோசிக்காமல் வலதைக் காட்டினார். நானாக இருந்தாலும் அதைத்தான் காட்டியிருப்பேன்.

பத்தரைக்கு வலது பாட்டிலில் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. தன் வாலைத் தானே துரத்துவது போல, வட்டம் வட்டமாக. பிறகு இன்னொன்று. பத்தேமுக்காலுக்கு எல்லாம் சுற்றின. நடுநடுவே வெட்டி வெட்டித் துடித்தன. பேச்சியின் கைகால் எப்படித் துடித்ததோ அப்படியேதான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மானேஜர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். பதினொன்றே காலுக்கு வலது பாட்டிலில் பத்தும் மிதந்தன. இடது பாட்டிலில், அந்தச் சோப்புத் தண்ணீரில், பத்தும் பாசியைக் கொறித்துக்கொண்டிருந்தன.

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர், அவ்வளவுதான். உடனே மருந்தடிக்கும் கூட்டத்தின் மேஸ்திரி சுடலைமுத்துவைக் கூப்பிட ஆள் அனுப்பினார். சுடலை தலைத்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்து படிக்குக் கீழே நின்றான்.

"மருந்து டிரம் எவிட கழுவுன?"

"மூணாம் குழியில சார்."

"குடிக்கிற வெள்ளத்துலயா! தனக்குப் புத்தி இல்லையா?"

சுடலை திகைத்துப்போனான். அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. இருபது வருஷமாக மருந்தடிக்கிற கூட்டத்தில் இருக்கிறவன்.

"சார், தவள கத்துற குழியில டிரம்மக் கழுவக் கூடாது. இது எங்க கூட்டத்துல எல்லாருக்கும் தெரியும். எந்த மலைக்குப் போனாலும் மொதல்ல அதத்தான் கேப்போம். கத்துச்சுன்னா உசுருள்ள தண்ணி, சனம் குடிக்கும், நாங்க கிட்டப் போகமாட்டோம். கத்தலைன்னா செத்த குழி. இந்தக் குழி ஒரு மாசமாக் கத்தவே இல்ல சார். ஒரு குஞ்சக்கூடக் காணோம். சனம் கைவிட்ட குழின்னுல்ல நெனச்சோம்."

நான் கடைத் தகரத்தில் ஒட்டிய தாளை அவன் பார்த்திருக்கிறான். ஆனால் அவனுக்குப் படிக்கத் தெரியாது. தவளைதான் அவனுக்கு அறிவிப்புப் பலகை. அந்தப் பலகையை நான் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தாளை ஒட்டியிருந்தேன்.

இது எனக்கு அந்த நிமிஷம்வரை தெரியாது. நான் கொன்றதால் பேச்சிக்கு எச்சரிக்கை இல்லாமல் போனது என்பதுதான் எனக்குத் தெரிந்திருந்தது. நான் கொன்றதால்தான் விஷமே குழிக்கு வந்தது என்பதைச் சுடலை சொல்லித்தான் கேட்டேன்.

மானேஜர் கேட்டார். "ஒரு மாசத்துக்கு முன்ன அதுல தவளை இருந்ததல்லே? எல்லாம் எவிடப் போச்சு?"

சுடலைக்குத் தெரியாது. மானேஜருக்கும் தெரியாது. சுத்தம் செய்தேன் என்றுதானே சொல்லியிருந்தேன், கொன்றேன் என்று சொல்லவில்லையே. வாயைத் திறக்காமல் இருந்தால் பழி சுடலைமேல் விழும். அவன் மறுநாளே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

"நான்தானுங்க கொன்னேன்" என்றேன். "பவுடர் போட்டுக் கொன்னது நானுங்க. அவர்மேல தப்பில்லீங்க. கடைக்காரம்மா மேலயும் தப்பில்லீங்க."

பேனாவை எடுத்து, நின்றபடியே, அந்தக் கட்டத்தை நிரப்பினேன். மானேஜர் ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார்.

"தன்னை ஞான் இப்போ பிரிச்சு விடணும்" என்றார். "பக்ஷே மழைக்கு முன்ன இந்த மலைக்கு வேற கம்பவுண்டர் வரமாட்டான்."

அப்படியாக எனக்கு ஒரு மெமோ மட்டும் கிடைத்தது. இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். டிரம் கழுவ, ஓடையிலிருந்தும் குழிகளிலிருந்தும் ஒதுங்கிய மேட்டில் வேறு இடம் காட்டினார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்தது சுடலை. மூன்றாம் குழியை மூன்று தடவை இறைத்து, சேற்றையும் வழித்தெடுத்தோம். இறைத்ததில் பாதி என் தோளில் ஏறியது.

முதல் நோயாளி

பேச்சி திரும்பி வந்த அன்று என் தாளைத் தகரத்திலிருந்து கிழித்தாள். நான் டீ கேட்டால் டீ மட்டும் கொடுத்தாள். அவள் திட்டாமல் கொடுத்த டீயைக் குடிப்பது பெரிய தண்டனை.

ஜூன் மழை வந்தது. இரண்டாம் குழிக் கோரையைப் பெயர்த்து மூன்றாம் குழியில் நட்டேன். இருந்த தலைப்பிரட்டைகளையும் வாளியில் கொண்டு போய் விட்டேன். மழை வலுத்த ஒரு மத்தியானம், ஈரச் சாக்கும் ஏலக்காயும் மணக்கிற ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, வளைவுப் பக்கமிருந்து ஒரே ஒரு தவளையின் குரல் கேட்டது. குடையை மறந்துவிட்டு ஓடினேன். நான் வெட்டியதில் மிஞ்சிய கிளை நுனியில், எலுமிச்சை அளவில், ஒரு நுரை உருண்டை.

மறுநாள் காலை டிஸ்பென்சரிக் கதவைத் திறந்தால் வாசலில் பேச்சி. கையில் பழைய பாட்டில். வறுகடலையைக் கொட்டிவிட்டுக் கழுவியிருந்தாள். உள்ளே தண்ணீரும் ஐந்து தலைப்பிரட்டைகளும்.

"கொன்னது நீகதான? இனிமே நீகதான் பாக்கணும். தெனமும் கொண்டாந்து வைப்பேன். நோயாளிக்கு முன்னால இதப் பாத்துச் சொல்லுங்க. நீக சொன்ன பொறவுதான் நான் பாய்லர மூட்டுவேன்."

"அப்படியே ஆகட்டுங்க."

"பாத்துட்டுச் சும்மா சொல்லக் கூடாது. அந்தப் பெரிய பொஸ்தகத்துல எழுதணும்."

எழுதினேன். முதல் வரியிலேயே எழுதினேன். பெயர்: மூணாம் குழி. வயது: தெரியாது. நோய்: இல்லை. அன்று முதல் நான் அந்தத் தோட்டத்தை விட்டு இறங்குகிறவரை, தினமும் டிஸ்பென்சரியின் முதல் நோயாளி மூணாம் குழிதான்.

சில மாதங்களுக்குப் பிறகு, மாதாந்திர டாக்டர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடப் போனவர், ஏனோ அன்று நிறுத்திப் படித்தார்.

"யாருய்யா இந்த மூணாம் குழி? தெனமும் வர்றான். ஒரு நோயும் இல்ல. லீவுக்கு அலையறவனா?"

"இல்லீங்க டாக்டர். இவரு ஒரு நாளைக்குச் சொகமில்லைன்னா, அறுபது ஊட்டுக்காரரும் அன்னைக்குத் தண்ணி குடிக்கக் கூடாதுங்க."

அவருக்குப் புரியவில்லை. இந்தப் பெயர் எப்போது தொடங்கியது என்று பார்க்கப் பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளினார். ஜூன். அதற்கும் முன்னே மே. அங்கே அவர் விரல் நின்றது. பேச்சியம்மாள். வாந்தி, வலிப்பு. காரணம் என்ற கட்டத்தில், நான் மானேஜர் முன்னால் நின்றபடி எழுதியது, கொஞ்சம் கோணலாக, ஒரே வார்த்தை.

‘கம்பவுண்டர்.’

டாக்டர் என்னைப் பார்த்தார். அப்புறம் மேசையோரம் இருந்த பாட்டிலைப் பார்த்தார். பச்சை மைப் பேனாவைத் திறந்து, அன்றைய தேதியில், மூணாம் குழிக்கு நேரே கையெழுத்துப் போட்டார்.